தமிழ் வகுப்பறையில் டிஸ்லெக்சியா: கண்டுபிடிப்பதும் கைகொடுப்பதும்

வகுப்பில் ஒரு பிள்ளை இருப்பாள். கதை சொன்னால் ஒரு இடம் விடாமல் திருப்பிச் சொல்வாள். கேள்வி கேட்டால் மற்றவர்களுக்கு முன்னால் பதில் வரும். புத்தகத்தைத் திறக்கச் சொன்னால் மட்டும் முகம் மாறிவிடும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக, அந்தப் பிள்ளையை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

டிஸ்லெக்சியா என்பது, சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு சேர்க்கும் வேலை மூளைக்குக் கடினமாக இருப்பது. அறிவுக்கும் உழைப்புக்கும் பார்வைக்கும் அதில் பங்கில்லை. குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஓரிருவராவது இருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டே வேலை தொடங்கலாம்.

இதில் வரிசைதான் முக்கியம். முதலில் கவனித்து எழுதுவது, அடுத்து வேறு காரணங்களை விலக்குவது, பிறகு உதவி, அதன்பின் மதிப்பீட்டுக்கு அனுப்புவது, கடைசியாகச் சான்றிதழ். என் தொடக்க ஆண்டுகளில் இதைத் தலைகீழாகச் செய்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பார்த்ததுமே சான்றிதழ் வாங்க அனுப்பிவிட்டு, அது வரட்டும் என்று இருந்தேன். ஒரு கல்வியாண்டு முழுக்க அவனுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. அந்த ஓராண்டை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பிள்ளைக்கு ஒன்றாக நாற்பது பக்க நோட்டு. நேரம் பார்க்கக் கைப்பேசி. வருகைப் பதிவேடு. போன வருட ஆசிரியரிடம் பேசப் பத்து நிமிடம். இவற்றோடு, பிள்ளை இதுவரை பார்த்திராத மூன்று சிறு பத்திகள்: ஒன்று அவள் வகுப்பின் தரத்தில், ஒன்று ஒரு வகுப்பு கீழே, இன்னொன்று இரண்டு வகுப்பு கீழே. ஒவ்வொன்றும் நாற்பது சொல் போதும்.

பாடப்புத்தகத்திலிருந்து பத்தி எடுக்காதீர்கள். புதிதாக வருபவர்கள் முதலில் ஏமாறும் இடம் இதுதான். இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் காதால் கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்ளும் ஆற்றல் உண்டு. பாடம் முழுவதும் மனப்பாடம். புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு கடகடவென்று சொல்வார்கள். விரல் மட்டும் வேறு வரியில் இருக்கும். சந்தேகம் வந்தால் பத்தியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன?" என்று கேளுங்கள். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்து அந்தச் சொல்லைப் பிடித்தால், அவள் வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறாள்.

இரண்டு வாரம் கவனியுங்கள். ஒரு நாள் தூக்கம் இல்லாமல் வந்த பிள்ளையும் அன்று தடுமாறும் என்பதால் ஒரே நாளில் முடிவுக்கு வரக்கூடாது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். "சோம்பேறி", "கவனமில்லை" என்று எழுதினால் அதை வைத்துப் பிறகு எதுவும் செய்ய முடியாது. "கொடி என்பதைக் கெ, ர, டி என்று வாசித்தாள்" என்று எழுதினால் அடுத்து எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அந்த வரியே காட்டும்.

2. வேறு காரணங்களை முதலில் விலக்குங்கள்

கண்: கடைசி வரிசையில் உட்காரவைத்துக் கரும்பலகையில் உள்ள படத்தைச் சொல்லச் சொல்லுங்கள். எழுத்து வேண்டாம்; எழுத்து தெரியாததைப் பார்வைக் குறைவு என்று நினைத்துவிடுவோம்.

காது: பிள்ளையின் பின்னால் நின்று, மெல்லிய குரலில் ஐந்து சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வடியும் பிள்ளைக்குப் பாதி ஒலிதான் போய்ச் சேரும். அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கொரு முறை வரும் சிறார் நல மருத்துவக் குழுவிடம் இந்தப் பெயர்களை முன்பே தனியாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். கற்றல் சிக்கலும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் உண்டு. பெயர் சொல்லிக் கேட்டால்தான் நின்று பார்ப்பார்கள்.

வருகை: பெற்றோர் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பம் என்றால், மூன்று மாதம் பள்ளிக்கு வராதது பதிவேட்டிலேயே தெரியும்.

வீட்டு மொழி: வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ இந்தியோ பேசும் பிள்ளைக்குத் தமிழ்ச் சொல்லே புதிதாக இருக்கலாம். அந்த மொழியில் பேச்சு எப்போது வந்தது, பாட்டும் விடுகதையும் எளிதாகப் பிடிபடுகிறதா என்று தாயிடம் கேளுங்கள். டிஸ்லெக்சியா இருந்தால் ஒலியைப் பிரிக்கும் சிக்கல் வீட்டு மொழியிலும் தலைகாட்டும்.

சரியாகக் கற்பிக்கப்படாத பிள்ளையா, டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையா என்று பிரிப்பதுதான் மிகக் கடினம். இதற்கு நான் நம்பும் வழி ஒன்றே: நான்கு வாரம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுங்கள். இடையில் படிப்பு விட்டுப்போன பிள்ளை மழை பெய்த நிலம்போல் இரண்டாம் வாரத்திலேயே துளிர்த்துவிடும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை அதே உழைப்பைப் போட்டும் அங்குலம் அங்குலமாகத்தான் நகரும். திங்களன்று தெரிந்தது வியாழனன்று காணாமல் போகும். இந்த வேறுபாடு எந்தத் தேர்வுத்தாளிலும் தெரியாது. கூடவே இருந்து கற்பிப்பவருக்குத்தான் தெரியும்.

3. தமிழில் எதைத் தேட வேண்டும்

ஆங்கிலக் குறிப்புகளைப் படித்துவிட்டு வருபவர்கள், பிள்ளை எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போடுகிறதா என்றுதான் தேடுவார்கள். ஏழு வயது வரை பல பிள்ளைகள் அப்படி எழுதுவது இயல்பு. ஆங்கிலச் சிறிய 'பி' (b), 'டி' (d) போல ஒன்றையொன்று திருப்பிப் போட்ட எழுத்துகளும் தமிழில் அரிது. ஆகவே அந்த அறிகுறியை வைத்துக்கொண்டு தமிழ் வகுப்பில் தேடினால் வெறுங்கையோடு திரும்புவோம்.

தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு ஓரளவு நேரானது. அதனால் மூன்றாம் நான்காம் வகுப்புக்குள் இந்தப் பிள்ளையும் எழுத்துகளைக் கற்றுவிடும். தப்பில்லாமல்கூட வாசிக்கும், ஆனால் மெதுவாக. ஒவ்வொரு எழுத்தாக இழுத்து இழுத்து வாசித்து, வரி முடியும்போது வரியின் தொடக்கம் மறந்துபோயிருக்கும். "தப்பில்லாமப் படிக்கிறாளே" என்று நான் கடந்துபோன பிள்ளைகள் உண்டு. பிழையை மட்டும் எண்ணியதுதான் என் தவறு. வேகத்தையும் பாருங்கள்.

பிழைகளில் கவனிக்க வேண்டியவை:

குறிலும் நெடிலும் மாறுவது. பல், பால் ஆகும். ஏடு, எடு ஆகும். கூடை, குடை ஆகும். வாயால் சரியாகச் சொல்லும் பிள்ளை எழுதும்போது மாற்றினால், ஒலியின் நீளத்தை எழுத்தோடு இணைப்பதில் சிக்கல்.

கொம்பு வைத்த எழுத்துகள். 'தே' என்பதில் கண் முதலில் பார்ப்பது இரட்டைக் கொம்பை. வாய் முதலில் சொல்ல வேண்டியது 'த்' ஒலியை. பார்க்கும் வரிசையும் சொல்லும் வரிசையும் இங்கே எதிரெதிர். 'கொ', 'கோ' இன்னும் கடினம். ஓர் உயிரொலி எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. அதனால்தான் 'தேன்' கொம்பு இழந்து 'தன்' ஆகிறது. 'கொடி'யின் துணைக்கால் 'ர' ஆகத் தெரிந்து 'கெரடி' ஆகிறது.

புள்ளி விழுந்துபோவது, இரட்டிப்பு மறைவது. பட்டு என்பதைப் படு என்றும், பாட்டு என்பதைப் பாடு என்றும் எழுதுவது.

உகர எழுத்துகள். கால் போட்டால் 'ஆ' என்று ஒரு விதி சொல்லிவிடலாம். கு, து, பு, டு, மு என்று பார்த்தால் உகரம் ஆளுக்கொரு வடிவம் எடுக்கிறது. மற்றவர்கள் இரண்டாம் வகுப்பில் தாண்டிவிடும் இந்த இடத்தில் இவர்கள் நான்காம் வகுப்பிலும் நிற்பார்கள்.

நீண்ட சொற்கள். 'பறந்துகொண்டிருந்தன' என்று இருந்தால் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டுப் 'பறவை' என்று ஊகிப்பது. முதல் வரியில் சரியாக வாசித்த சொல்லையே மூன்றாம் வரியில் புதிதாகப் பார்ப்பதுபோல் நிற்பது.

அறிகுறியாக எண்ணக்கூடாதவை இரண்டு. ல, ள, ழ குழப்பமும் ன, ண குழப்பமும் பல வட்டாரங்களில் பேச்சிலேயே கலந்தவை. வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பிழை செய்வார்கள். அடுத்தது, 'வருகிறார்கள்' என்று அச்சில் இருப்பதை 'வர்றாங்க' என்று வாசிப்பது. அந்தப் பிள்ளை பொருளைப் பிடித்துத் தன் பேச்சுக்கு மாற்றிவிட்டது. அதைப் பிழையாகச் சுழிக்காதீர்கள்.

வாசிப்புக்கு வெளியிலும் பாருங்கள். மாதங்களின் பெயரை வரிசையாகச் சொல்லத் தடுமாறுவது. தெரிந்த பொருளின் பெயர் நாக்கு நுனியில் நின்று, "அது... அந்த இது..." என்று இழுப்பது. தமிழ்ப் பாடவேளை வந்தால் வயிற்றுவலி. வாசிக்கும் முறை நெருங்கும்போது பென்சில் முனை உடைவது, சிறுநீர் கழிக்க அனுமதி கேட்பது. வகுப்பைச் சிரிக்கவைக்கும் பையன்களை நாம் எளிதில் கவனித்துவிடுகிறோம். பெண்பிள்ளைகள் பலர் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து எழுதி, வாயைத் திறக்காமல், ஆண்டுக்கணக்கில் தப்பித்துப்போகிறார்கள். அமைதியான, நேர்த்தியான நோட்டைக் கட்டாயம் திறந்து, அதிலிருந்தே ஒரு வரியை வாசிக்கச் சொல்லுங்கள்.

ஆங்கிலம் மட்டும் வரவில்லை, தமிழ் சரளம் என்றால் பெரும்பாலும் ஆங்கிலம் கற்பித்த விதத்தில்தான் சிக்கல். ஆனால் தமிழிலும் நேரத்தை அளந்து பார்த்த பிறகே அப்படிச் சொல்லுங்கள். லேசான டிஸ்லெக்சியா தமிழில் ஒளிந்துகொண்டு ஆங்கிலத்தில் வெளிப்படும்.

4. பதினைந்து நிமிடம், ஒரு பிள்ளை

வகுப்புக்கு வெளியே, மற்றவர்கள் பார்க்காத இடத்தில் செய்யுங்கள். "பரீட்சை இல்லம்மா, நான் உனக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்னு பாக்கறேன்" என்று சொல்லித் தொடங்குங்கள். வரிசையை மாற்றாதீர்கள்: காது முதலில், கண் பிறகு. எழுத்தில் தொடங்கினால் பிள்ளை பயந்து, அடுத்த எல்லாவற்றிலும் சுருங்கிவிடும்.

முதலில் ஒலி விளையாட்டு. "மரம். 'ம'வை எடுத்துட்டு 'க' வை." கரம். "பாட்டு. 'பா'வுக்குப் பதில் 'மா'." மாட்டு. "கல், கால். எது நீளமா ஒலிக்குது?" "பல், கல், பூ. இதுல சேராதது எது?" ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதிரி காட்டிய பிறகு கேளுங்கள். கேள்வி புரியாததும் ஒலி பிரியாததும் வேறு வேறு.

அடுத்து எழுத்து அட்டைகள், கலைத்துப் போட்டு. வரிசையாகக் கேட்டால் 'க ங ச' என்று பாட்டாக வந்துவிடும்.

பிறகு பொருளில்லாச் சொற்கள்: 'மெதூகி', 'கோபிடை', 'சேநுலா'. இவற்றை முன்பு பார்த்திருக்க முடியாது, ஊகிக்கவும் முடியாது. எழுத்திலிருந்து ஒலிக்குப் போகும் வழி திறந்திருக்கிறதா என்று இதில்தான் தெளிவாகத் தெரியும். இந்தப் படியைப் பலர் அசட்டுத்தனம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுவே மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லியிருக்கிறது.

பிறகு பத்தி. எளியதிலிருந்து தொடங்கி நேரம் குறியுங்கள். இடையில் திருத்தாதீர்கள், பிழையை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஐந்து சொல் சொல்வதை எழுதுதல்.

கடைசியாக அதே தரத்தில் வேறொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். தானே வாசித்தபோது ஒன்றும் சொல்ல முடியாதவள், கேட்டபோது எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால், அந்த இடைவெளிதான் நீங்கள் தேடி வந்தது. கேட்டபோதும் புரியவில்லை என்றால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கலாம், அதையும் எழுதிவையுங்கள். நல்ல பதிலோடு முடிவதால் பிள்ளையும் சிரித்த முகத்தோடு வகுப்புக்குத் திரும்பும்.

இந்தப் பரிசோதனை சந்தேகத்தை உறுதிப்படுத்த மட்டுமே. "இவளுக்கு டிஸ்லெக்சியா" என்று சொல்லும் தகுதி ஆசிரியருக்குக் கிடையாது. எனக்கும் கிடையாது.

5. பெற்றோரிடம் பேசுவது

மதிப்பெண் அட்டை கொடுக்கும் நாளில் பேசாதீர்கள். அன்று எல்லோர் காதும் அங்கே இருக்கும். தனியாக வரச் சொல்லி, பிள்ளையின் நோட்டோடு உட்காருங்கள். முதலில் பிள்ளை நன்றாகச் செய்யும் இரண்டைச் சொல்லுங்கள், உண்மையானவற்றை.

பிறகு நோட்டைக் காட்டுங்கள். "இவ கதை கேட்டா அருமையா சொல்றாம்மா. ஆனா எழுத்துக் கூட்டறது மத்த பிள்ளைங்களவிடக் கஷ்டமா இருக்கு. நான் தினமும் தனியா சொல்லிக்கொடுக்கப் போறேன். ஆறு மாசம் பாத்துட்டு மேல என்ன செய்யலாம்னு பேசலாம்." நோய் என்ற சொல்லையும் 'மூளை வளர்ச்சி' என்ற சொல்லையும் வாயிலெடுக்காதீர்கள். அடுத்த வார்த்தை அவர்கள் காதில் விழாது.

"உங்க வீட்ல யாருக்காவது படிக்கிறப்போ இப்படி இருந்துச்சா?" என்று கட்டாயம் கேளுங்கள். கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருந்துவிட்டு, "இவங்க அப்பாவும் இப்படித்தான் டீச்சர், எட்டாவதோட நின்னுட்டாரு" என்று பதில் வரும். அந்த அப்பா அங்கேயே இருந்தால் அவரிடம் மெதுவாகப் பேசுங்கள். தான் மக்கு என்று நினைத்தே அவர் வாழ்ந்திருக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியதைக் குறைவாகச் சொல்லுங்கள்: அடிக்கக்கூடாது, தம்பியோடு ஒப்பிடக்கூடாது, தினம் பத்து நிமிடம் யாராவது கதை வாசித்துக் காட்டவோ சொல்லவோ வேண்டும். வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி, மூளை டானிக் என்று செலவு செய்ய நினைத்தால் தடுத்துவிடுங்கள். வண்ணக் கண்ணாடியும் கண் பயிற்சியும் டிஸ்லெக்சியாவைச் சரிசெய்யும் என்பதற்குச் சான்றில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009 இல் கூட்டாகவே அறிவித்தார்கள்.

6. உதவியை அன்றைக்கே தொடங்குங்கள்

தினம் இருபது நிமிடம், மூன்று நான்கு பிள்ளைகள் சேர்ந்த குழு. வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் என்பது இவர்களுக்குப் பயன்படாது. இடைவெளி விட்டால் கரைந்துவிடும். காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும் உள்ள நேரம் எனக்குச் சரியாக வந்தது. விளையாட்டு நேரத்தைப் பிடுங்காதீர்கள். அந்தப் பிள்ளை தலைநிமிர்ந்து நிற்கும் இடம் அது ஒன்றாகக்கூட இருக்கலாம்.

கற்பிக்கும் வரிசை:

அ) 247 எழுத்து அட்டவணையை ஓரமாக வையுங்கள். ப, ட, ம் என்று மூன்று எழுத்து எடுத்தால் முதல் நாளே 'படம்' வாசிக்கலாம்; ட் சேர்ந்தால் 'பட்டம்'. இரண்டாம் வகுப்பிலும் 'அ, ஆ' முதல் திரும்பத் தொடங்குவது, தோற்ற இடத்துக்கே பிள்ளையைத் திரும்ப இழுத்துப்போவது.

ஆ) முதலில் துணைக்கால், பிறகு மேல்விலங்கு. இவை எழுத்துக்குப் பின்னாலோ மேலேயோ வருவதால் கண்ணும் வாயும் ஒரே திசையில் போகும். அதற்குப் பிறகு உகர எழுத்துகளை வடிவ ஒற்றுமைப்படி குழுவாக எடுங்கள்: து, நு, று, னு, லு ஒரு குழு, பு, யு, வு, சு ஒரு குழு, டு, மு, ரு ஒரு குழு. கொம்பு வகைகள் பிறகு. இருபுறமும் பிரியும் ஒகர ஓகாரங்கள் கடைசி.

இ) கொம்புக்கு வந்ததும் இரண்டு நிற அட்டை செய்யுங்கள்: எழுத்து கருப்பு, கொம்பு சிவப்பு. "சிவப்பைப் பார்த்ததும் நில், கருப்பின் ஒலியைச் சொல், பிறகு சிவப்பைச் சேர்." 'கோ' என்றால் சிவப்பு இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வர வேண்டும். சிவப்பை எடுத்துவிட்டு முழுக் கருப்புக்கு மாற ஒரு மாதம்கூட ஆகலாம். அவசரப்படாதீர்கள்.

ஈ) ஒவ்வொரு புதிய எழுத்தையும் காது, வாய், கை, கண் நான்கும் சேர்ந்து கற்கட்டும். சொல்லிக்கொண்டே மணலிலோ அரிசி பரப்பிய தட்டிலோ விரலால் எழுதுவது. நெடிலுக்குக் கையை நீட்டி இழுப்பது, குறிலுக்கு ஒரு தட்டு. விளையாட்டாகத் தெரிந்தாலும், ஒலியின் நீளத்தைக் கையில் உணர்ந்த பிறகுதான் 'விடு', 'வீடு' பலருக்குப் பிரிந்தது.

உ) வடிவத்தில் ஒத்தவற்றை ஒரே வாரத்தில் கொடுக்காதீர்கள். 'ன' பதிந்து மூன்று வாரம் கழித்து 'ண'. இரண்டையும் பக்கத்தில் வைத்து வேறுபாடு காட்டுவது நமக்கு நியாயமாகத் தோன்றும். அவர்களுக்கு அங்கேதான் முடிச்சு விழுகிறது.

ஊ) நீண்ட சொல்லைப் பென்சில் கோட்டால் துண்டாக்குங்கள்: பறந்து / கொண் / டிருந் / தன. துண்டு துண்டாக, பிறகு சேர்த்து. சில வாரத்தில் கோட்டை அவளே போடட்டும்.

எ) ஒரு சிறு பத்தியை மூன்று நாள் தொடர்ந்து வாசிக்கச் சொல்லி நேரம் குறியுங்கள். முதல் நாள் 95 நொடி, மூன்றாம் நாள் 60 நொடி என்று எண்ணைப் பிள்ளையே நோட்டில் எழுதட்டும். அதுவரை தன் முன்னேற்றத்தைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைக்கு அந்த எண் பெரிது.

'பத்து தடவை எழுதிட்டு வா' மட்டும் வேண்டாம். ஏழாவது முறை எழுதும்போது அவள் சொல்லைப் பார்ப்பதில்லை, முதல் வரியில் இருக்கும் கோடுகளை வரைகிறாள். முதல் வரி பிழை என்றால் பத்தும் பிழை. அந்தப் பிழையே கையில் பதிந்துவிடும்.

7. வகுப்பு முழுவதும் நடக்கும்போது

திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். வாசிக்க வேண்டிய இரண்டு வரியை முந்தைய நாளே கொடுத்துவிட்டு, மறுநாள் அந்த இரண்டை மட்டும் கேளுங்கள். பிள்ளையின் பயம் பாதி அங்கேயே போய்விடும்.

கரும்பலகையைப் பார்த்து எழுதுவது இவர்களுக்கு ஒரு மலை. தலையைத் தூக்கி ஓர் எழுத்து, குனிந்து ஓர் எழுத்து. குறிப்பைத் தாளில் எழுதி மேசையில் வையுங்கள், அல்லது பக்கத்துப் பிள்ளையின் நோட்டைக் கைப்பேசியில் படமெடுத்துப் பெற்றோருக்கு அனுப்புங்கள். பாதிதான் எழுதினாள் என்றால் அந்தப் பாதியைத் திருத்தி மதிப்பெண் போடுங்கள்.

அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் வாய்மொழி விடை ஏற்றுக்கொள்ளுங்கள். 'ஒளிச்சேர்க்கை' என்பதை ஒழுங்காக எழுதத் தெரியாதவளுக்கு அது என்னவென்று தெரிந்திருக்கலாம். அந்தப் பாடத்தில் நாம் சோதிப்பது எழுத்துக்கூட்டலை அல்ல. கணக்கில் வாக்கியக் கணக்கை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

தமிழ் நோட்டில் எல்லாப் பிழையையும் சிவப்பில் சுழிக்காதீர்கள். இந்த வாரம் நெடில் கற்பித்தீர்கள் என்றால் நெடில் பிழை மட்டும்.

தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் (மேல்நிலை) என்று பிரிக்கிறோம். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை வாசிப்பில் அரும்பாகவும் கேட்டல், பேசுதலில் மலராகவும் இருக்கும். எல்லாச் செயல்பாட்டுக்கும் அரும்பிலேயே உட்காரவைத்தால், அவளால் முடிகிற வேலையும் கைக்கு வராது. கதை சொல்லுதல், நாடகம், விவாதம் என்றால் மலரோடு உட்காரட்டும்.

8. ஆறு மாதம் கழித்து

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான்காம் படியின் பரிசோதனையைப் புதுப் பத்திகளோடு திரும்பச் செய்யுங்கள். ஆறு மாத முறையான உதவிக்குப் பிறகும் வயதுக்குரிய வாசிப்பு வெகுதொலைவில் இருந்தால் மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். பெற்றோர் முன்பே கேட்டாலோ, பிள்ளை பள்ளிக்கே வரமாட்டேன் என்று அழுதாலோ அவ்வளவு நாள் காக்கத் தேவையில்லை.

அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைக் கூப்பிடுங்கள். ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்குப் பெயர் சேர்ப்பது அவர் வழியாகத்தான். சென்னையில் 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்கே பயிற்சி தருகிறது. எங்கே அனுப்பினாலும் நோட்டை நகலெடுத்துக் கொடுத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் மட்டும் பிள்ளையைப் பார்க்கும் உளவியலாளருக்கு, ஆறு மாதம் பார்த்த உங்கள் குறிப்பு பெரிய உதவி.

"இதெல்லாம் நம்ம வேலையா?" என்று ஆசிரியர் அறையில் கேட்பார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தன் 16ஆம் பிரிவில், பிள்ளைகளிடம் உள்ள கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து தகுந்த கற்பித்தல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கல்வி நிறுவனங்களுக்கே சொல்கிறது.

9. சான்றிதழும் தேர்வுச் சலுகையும்

எட்டு வயதுக்குப் பிறகுதான் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் தருவார்கள். 14 வயதிலும் 18 வயதிலும் திரும்ப மதிப்பிட வேண்டும். அதனால்தான் சான்றிதழுக்குக் காத்திருக்காதீர்கள் என்கிறேன். முதல் வகுப்பில் சிரமம் தெரிந்த பிள்ளைக்கு அது மூன்று ஆண்டு இழப்பு.

சான்றிதழின் பெரிய பயன் பொதுத்தேர்வில்: கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு. பத்தாம் வகுப்புத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்துவிடுங்கள். நுழைவுச்சீட்டு வரும் நேரத்தில் ஓடுபவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். சொல்வதை எழுதுபவர் கிடைத்துவிட்டால் போதும் என்றும் இருக்காதீர்கள். விடையைத் துண்டு துண்டாக, எழுதும் வேகத்துக்கு ஏற்பச் சொல்வது தனிப் பயிற்சி. அரையாண்டுத் தேர்விலிருந்தே பழக்குங்கள்.

மொழி விலக்கை யோசித்து எடுங்கள். பின்னாளில் தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் உண்டு. எந்த மொழியை விடுவது என்று பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து முடிவெடுக்கட்டும்.

10. பிள்ளையிடம் சொல்வது

இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நம் நோட்டு, முகாம், பெற்றோரோடு பேச்சு எல்லாவற்றையும் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. தன்னிடம் ஏதோ பெரிய கோளாறு என்று நினைத்துக்கொள்ளும். மூன்றாம் வகுப்புக்கு மேல் என்றால் நேராகச் சொல்லுங்கள்: "உனக்கு எழுத்துக் கூட்டறது மட்டும் கொஞ்சம் கஷ்டம். அது உன் தப்பு இல்ல. உன்ன மாதிரி எல்லா ஊர்லயும் பிள்ளைங்க இருக்காங்க. நமக்கு வேற வழில போகணும், கொஞ்சம் நேரம் ஆகும், நான் கூட இருக்கேன்."

"அப்போ நான் மக்கு இல்லையா டீச்சர்?" என்று ஒரு நான்காம் வகுப்புப் பையன் கேட்டான். இல்லை என்றேன். நம்பாமல் இன்னொரு முறை கேட்டான். இன்னொரு முறை சொன்னேன்.

ஏப்ரலில் வகுப்பு மாறும்போது அந்த நாற்பது பக்க நோட்டைப் பீரோவில் பூட்டிவிடாதீர்கள். அடுத்த வகுப்பு ஆசிரியரின் கையில் கொடுத்து, எந்தக் குழு எழுத்தில் நிற்கிறது, எது உதவியது, எது உதவவில்லை என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். ஜூனில் அவர் மறுபடி 'அ'விலிருந்து தொடங்காமல் இருக்க அந்த அரை மணி நேரம் போதும்.